கொட்டையை எடுத்தது யார்?

ஒரு சமையல் குறிப்பை விமர்சனம் செய்ய முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கவிதையை விமர்சிக்கலாம், நாவலை விமர்சிக்கலாம், "மூன்று முட்டை, ஒரு சிட்டிகை உப்பு" என்பதில் விமர்சிக்க என்ன இருக்கிறது? செய்து பார்த்தோம், நல்லா வந்துச்சு, வரல, அவ்ளோதானே என்றார்.

அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு குறிப்பு. அதிலும் குறிப்பாக ஒரே ஒரு சொல்.

குறிப்பு இடம்பெற்ற புத்தகம் 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் ஃப்ரெஞ்ச் குக்கிங்'. எழுதியவர்கள் மூவர்: சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல், ஜூலியா சைல்ட். முதல் இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். மூன்றாமவர் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். நம்மில் பலருக்கும் ஜூலியா சைல்ட் அறிமுகமானது 2009இல் வந்த 'ஜூலி & ஜூலியா' படத்தின் வழியாகத்தான், அதாவது மெரில் ஸ்ட்ரீப்பின் குரல் வழியாக. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிப் போனவர்களில் நானும் ஒருவன். சமைப்பதற்காகத் தேடவில்லை. இத்தனை பேர் கொண்டாடும் ஒரு புத்தகத்தின் உரைநடை எப்படித்தான் இருக்கும் என்ற ஆர்வம், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுத்துறை அலுவலகத்தில் வேலை பார்த்த ஜூலியா, பின்னாளில் கணவரான பால் சைல்டைச் சந்தித்தது கண்டியில். போருக்குப் பிறகு கணவரின் பணி நிமித்தமாகப் பாரிஸ் போனார். 1949இல் அங்கே ஒரு சமையல் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. பெக்கும் பெர்தோலும் அமெரிக்கர்களுக்காகப் பிரெஞ்சுச் சமையல் புத்தகம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு இவரும் சேர்ந்துகொண்டார். கிட்டத்தட்ட பத்து வருட உழைப்பு. முதலில் ஒப்பந்தம் போட்ட பதிப்பகம் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. பிறகு க்னாஃப் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜூடித் ஜோன்ஸ் அதை எடுத்து வெளியிட்டார்.

பிரெஞ்சு வீடுகளில் கைப்பழக்கமாகவும் கண்திட்டமாகவும் இருந்த ஒன்றை, அந்தப் பழக்கமே இல்லாத இன்னொரு மொழிக்காரர்களிடம் எழுத்தாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அது. ஆகவே இதை ஒரு மொழிபெயர்ப்பு நூலாகத்தான் வாசிக்கிறேன். மொழிபெயர்ப்பு நூலிடம் கேட்கும் கேள்விகளையே இதனிடமும் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

*

நான் எடுத்துக்கொண்ட குறிப்பின் பெயர் க்ளஃபூட்டி. பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள லிமூசான் வட்டாரத்தின் கோடைக்காலப் பலகாரம். செர்ரி பழுக்கும் ஜூன் மாதத்தில் வீடுகளில் செய்வது. பால், முட்டை, சர்க்கரை, மைதா கலந்த தண்ணியான மாவு, அது நிறைய கருஞ்செர்ரி, வெண்ணெய் தடவிய தட்டு, அடுப்பு. வெந்ததும் கேக்கும் இல்லாமல் புட்டிங்கும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு பதத்தில் நிற்கும். வெதுவெதுப்பாகச் சாப்பிட வேண்டும். பெயரின் மூலம் 'கிளாஃபிர்' என்ற ஆக்சிதான் மொழிச் சொல். நிறைத்தல், திணித்தல் என்று பொருள். தட்டு நிறையப் பழம் என்பது பெயரிலேயே இருக்கிறது.

ஜூலியாவின் புத்தகத்தில் இந்தக் குறிப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்போம். பக்கம் இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் பொருட்கள், வலப்பக்கம் செய்முறை. பொருட்களை மொத்தமாக மேலே கொட்டிவிட்டுக் கீழே கதை சொல்வதில்லை. எந்தக் கட்டத்தில் எது தேவையோ அது அந்தக் கட்டத்துக்கு நேராக நிற்கும். பால் ஊற்ற வேண்டிய வரிக்கு நேர் இடப்பக்கம் பால் இருக்கும். கையில் மாவோடு நிற்பவர் பக்கத்தைப் புரட்டித் திண்டாட வேண்டியதில்லை. இந்த வடிவத்தை யோசித்தவர் அடுப்படியில் நின்று வாசிப்பவரைக் கண்ணால் கண்டிருக்கிறார்.

முன்னுரையிலேயே தன் வாசகர் யாரென்று புத்தகம் சொல்லிவிடுகிறது: வேலையாள் இல்லாத அமெரிக்கச் சமையல்காரர். பெரிய ஓட்டல்களின் சமையல் நூல்கள் எடுபிடி ஆட்கள் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டவை. இது தனியாக நிற்கும் ஒருவருக்கானது. அதனால்தான் இதன் வாக்கியங்கள் ஆளைக் கைவிடுவதில்லை. மாவில் கொஞ்சத்தை முதலில் தட்டில் ஊற்றி, மிதமான சூட்டில் ஓரிரு நிமிடம் வைத்து, அடியில் மெல்லிய ஆடைபோலப் படிந்ததும் அதன்மேல் செர்ரியைப் பரப்பு, சர்க்கரை தூவு, மீதி மாவை ஊற்று. செர்ரி அடியில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 180 செல்சியஸில், ஒரு மணி நேரம். உப்பிச் சிவந்து, நடுவில் குத்திய கத்தி சுத்தமாக வெளியே வந்தால் வெந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு தகவல் வருகிறது: ஆறும்போது இது கொஞ்சம் அமுங்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அடுப்பிலிருந்து எடுக்கும்போது மெத்தைபோல் உப்பியிருப்பது ஐந்தே நிமிடத்தில் உட்கார்ந்துவிடும். முதல்முறை செய்பவருக்கு வயிற்றைக் கலக்கும். எங்கே தப்பு செய்தோம் என்று யோசிப்பார். அவர் பயப்படுவதற்கு முன்பே "அது அப்படித்தான், விடு" என்று பக்கத்தில் நின்று யாரோ சொல்கிறார்கள். வீட்டில் ஒரு பாட்டி செய்கிற வேலையை ஒரு வாக்கியம் செய்கிறது. தமிழில் இதைப் 'பதம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். கம்பிப் பதம், பாகு பதம் என்று. அந்தச் சொல்லுக்குள் இருப்பதெல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டுமே தெரியும். பார்த்தே இராதவர்களுக்கு அதை விரித்துச் சொல்லும் பொறுமைதான் ஜூலியாவின் உரைநடை.

நண்பருக்கான முதல் பதில் இது. குறிப்பு என்பது ஒரு இலக்கிய வடிவம். அதற்கு ஒரு கதைசொல்லி உண்டு, வாசகர் உண்டு, தொனி உண்டு. நல்லது, கெட்டது என்று பிரித்துச் சொல்லவும் முடியும்.

*

இனி அந்த ஒரு சொல்.

இடப்பக்கப் பட்டியலில் செர்ரிக்கு முன்னால் ஒரு அடைமொழி வருகிறது: கொட்டை நீக்கிய. மூன்று கப், கொட்டை நீக்கிய கருஞ்செர்ரி. பருவத்தில் கிடைக்கும் புதுப் பழம் நல்லது; இல்லாவிட்டால் டின்னில் வருவதை வடித்துப் பயன்படுத்தலாம்; உறையவைத்ததும் ஆகும்.

லிமூசானில் கொட்டையை எடுப்பதில்லை. முழுப் பழத்தைக் காம்பு மட்டும் கிள்ளி அப்படியே போடுவதுதான் அந்த ஊர் முறை. கொட்டையோடு வெந்தால் செர்ரியின் சாறு வெளியே வழியாது. கொட்டையிலிருந்து லேசான பாதாம் வாசம் மாவில் இறங்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். சாப்பிடுகிறவர் கொட்டையை வாயிலிருந்து எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொள்வார். வேறு பழம் போட்டால் பெயரே மாறி ஃப்ளோன்யார்ட் ஆகிவிடும் என்று கறாராக இருப்பவர்கள் உண்டு. கொட்டை, செர்ரி, ஜூன் மாதம் மூன்றும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு க்ளஃபூட்டி.

புத்தகத்தின் தலைப்புக் குறிப்பு இதை லிமூசானின் செர்ரிப் பருவத்தில் குடியானவர் வீடுகளில் குடும்பத்துக்காகச் செய்யும் எளிய பலகாரம் என்று சரியாகவே அறிமுகப்படுத்துகிறது. அடுத்த சில வரிகளுக்குள் கொட்டை போய்விடுகிறது, டின் வந்துவிடுகிறது. மாவைக் கலக்க மின்சார பிளெண்டரும் வந்துவிடுகிறது. பிளெண்டர் எனக்குப் பிரச்சினை இல்லை. அது இல்லாதவர் மரக்கரண்டியால் கலக்கிச் சல்லடையில் வடிக்கலாம் என்று மாற்றுவழியும் கொடுத்திருக்கிறார்கள். டின் பற்றியும் வெளிப்படையாக இருக்கிறார்கள்: புதுப் பழம் முதலில், டின் அடுத்து. கொட்டை விஷயத்தில் மட்டும் ஏன் அந்த வெளிப்படைத்தன்மை இல்லை? மூலத்தில் கொட்டை உண்டு, நாங்கள் எடுத்திருக்கிறோம் என்று ஒரு வரி இல்லை. அடைமொழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. வாசிக்கிறவர் அதை 'நறுக்கிய', 'கழுவிய' என்பதுபோல ஒரு சாதாரணத் தயாரிப்பு வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார். புத்தகத்தின் வழியாக மட்டும் க்ளஃபூட்டியை அறிந்தவருக்கு, அதில் கொட்டை என்று ஒன்று இருந்ததே தெரியாது.

இன்னொரு வேடிக்கை. இந்தக் குறிப்பின் கீழேயே சில மாறுபாடுகள் தரப்பட்டிருக்கின்றன: பேரிக்காய் போட்டு, பிளம் போட்டு, மதுவில் ஊறிய செர்ரி போட்டு. அதில் ஒன்று மாவில் பாதாமை அரைத்துச் சேர்ப்பது. செர்ரியும் பாதாமும் ஒரே பேரினத்துத் தாவரங்கள். செர்ரிக் கொட்டையின் பருப்பில் வரும் வாசத்துக்கும் கசப்புப் பாதாமின் வாசத்துக்கும் காரணமான வேதிப்பொருள் ஒன்றே, பென்சால்டிஹைடு. அதாவது, வாசலில் கொட்டையை வெளியே அனுப்பிவிட்டு, அதன் சொந்தக்காரரைக் கொல்லைப்புறமாக வரவேற்றிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்துவிட்ட ஒன்று வேறு வடிவில் திரும்பி வருவதை மொழிபெயர்ப்பு வாசகர்கள் வேறு இடங்களிலும் பார்த்திருப்பார்கள்.

*

செய்து பார்க்காமல் குறிப்பை விமர்சிப்பது, புத்தகத்தைப் படிக்காமல் மதிப்புரை எழுதுவது மாதிரி. ஜூன் முதல் வாரம் காஷ்மீர் செர்ரி சின்ன அட்டைப் பெட்டிகளில் பழக்கடைக்கு வந்தபோது ஒரு கிலோ வாங்கினேன். விலையைச் சொன்னால் அம்மா திட்டுவார் என்பதால் சொல்லவில்லை.

இரண்டு தட்டு. ஒவ்வொன்றுக்கும் 300 மில்லி பால், 3 முட்டை, 75 கிராம் மைதா, சர்க்கரை, உப்பு, வெனிலா. பிளெண்டருக்குப் பதில் மிக்ஸி. செர்ரி தட்டுக்கு 400 கிராம். மீதி 200 கிராம் சோதனைக்கு முன்பே காணாமல் போனது. முதல் தட்டுக்குப் பழத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலின் வாயில் வைத்து மரக்குச்சியால் குத்திக் கொட்டையை எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. விரல்கள் கருஞ்சிவப்பு, சட்டையில் தெறிப்பு, சமையல் மேடை பார்க்கக் கொலை நடந்த இடம். அம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இரண்டாவது தட்டுக்குக் காம்பைக் கிள்ளிக் கொட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

என் பீங்கான் தட்டு நேரடித் தீயில் வைக்க முடியாதது. அதனால் முதல் மாவை அடுப்புக்குப் பதில் ஓவனுக்குள்ளேயே சில நிமிடம் வைத்து ஆடை படிய விட்டேன். ஓவன் சிறியது என்பதால் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வேகவைக்க முடிந்தது. இரண்டும் உப்பின, இரண்டும் சொன்னபடியே அமுங்கின. அமுங்கியபோது எனக்குப் பயமே வரவில்லை. அதற்கு ஜூலியாவுக்கு நன்றி.

கொட்டை எடுத்த தட்டில் சாறு வழிந்து மாவெல்லாம் ஊதா நிறத் திட்டுகள். பழத்தைச் சுற்றி ஒரு வளையத்துக்கு மாவு ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. ருசியில் குறை இல்லை. பழ ருசி தட்டு முழுக்கப் பரவியிருந்தது; கரண்டியால் யோசிக்காமல் வெட்டிச் சாப்பிடலாம். கொட்டையோடு வெந்த தட்டில் மாவு வெளிர் மஞ்சளாகவே இருந்தது. பழம் முழுசாக, தோல் இழுத்துப் பிடித்தபடி இருந்தது. கடித்தால் சூடான சாறு வாய்க்குள்தான் உடையும். பாதாம் வாசம்? நேர்மையாகச் சொன்னால் என் மூக்குக்கு மிக லேசாகத்தான் கிடைத்தது. முன்பே படித்திருக்காவிட்டால் கவனித்திருக்க மாட்டேன். சாறு விஷயத்தில் லிமூசான்காரர்கள் சொல்வது நூறு சதம் சரி. வாசம் விஷயத்தில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

நான் எதிர்பார்க்காத வித்தியாசம் சாப்பிட்ட விதத்தில் இருந்தது. முதல் தட்டைப் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். இரண்டாவதை அப்படிச் சாப்பிட முடியவில்லை. ஒவ்வொரு வாயும் நிதானமாக, நாக்கால் தேடி, கொட்டையை ஒதுக்கி, எடுத்து வைத்து. மாங்கொட்டை சப்பியவர்களுக்கும், நாவல்பழக் கொட்டை துப்பியவர்களுக்கும் இந்த வேலை சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மா முதல் வாயிலேயே நிறுத்தி, "என்னடா இது, கொட்டை எடுக்கக்கூடச் சோம்பேறித்தனமா?" என்றார்.

"இல்லம்மா, அந்த ஊர்ல இப்படித்தான்."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? பல்லு போயிருக்கும்."

*

அம்மாவின் அந்த இரண்டு வாக்கியங்களில் இந்த வழக்கின் இரு தரப்பும் இருக்கின்றன.

ஜூலியா தரப்பு வலுவானது. லிமூசானில் மேஜையில் உட்காரும் எல்லோருக்கும் கொட்டை இருப்பது தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த அறிவு குறிப்பில் இல்லை, மேஜையில் இருக்கிறது. குறிப்பு மட்டும் கடல் தாண்டிப் போகும்போது மேஜை கூடப் போவதில்லை. அமெரிக்க நகரம் ஒன்றில் விருந்துக்கு வந்தவரின் பல் உடைந்தால், குழந்தையின் தொண்டையில் சிக்கினால், பழி சமைத்தவர் மேல்தான் விழும். கொட்டையை உடைத்துப் பருப்பை மென்றால் சயனைடு வெளிப்படும் என்ற ஆபத்தும் உண்டு. ஆகவே எடுத்துவிடு. தனியாக நிற்கும் வாசகரைக் கைவிடாதே என்ற அதே அக்கறையின் நீட்சிதான் இது. அவர் சோம்பலால் எடுக்கவில்லை, அன்பால் எடுத்தார்.

இதே அக்கறையோடு நம் மொழியில் வந்த புத்தகம் ஒன்று உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது, ஜூலியாவுக்குப் பத்து வருடம் முன்பு. சொல்லித் தரப் பக்கத்தில் ஆள் இல்லாதவரும் பார்த்துச் சமைக்கலாம் என்பதற்காக எழுதியது. கல்யாணமாகி வெளியூர், வெளிநாடு போகும் பெண்களின் பெட்டியில் போய்ச் சேர்ந்த புத்தகம். இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மீனாட்சி அம்மாளின் வாசகர் அந்த ருசியை ஏற்கெனவே அறிந்தவர். வழி மட்டும்தான் தெரியாது. சாம்பார் எப்படி இருக்க வேண்டும் என்பது நாக்கில் இருக்கிறது. புத்தகம் தப்பாகச் சொன்னால் நாக்கு கண்டுபிடித்துவிடும். ஜூலியாவின் வாசகருக்கு அந்த நாக்கு இல்லை. புத்தகம் சொல்வதுதான் அவருக்கு மூலம். அதனால் ஜூலியாவின் பொறுப்பு கூடுதல். மூலம் தெரிந்தவரிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவரே நிரப்பிக்கொள்வார். தெரியாதவரிடம் சொல்லாமல் விட்டால் அது இல்லாமலே போய்விடுகிறது.

கொட்டையை எடுத்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. எடுத்ததைச் சொல்லாமல் விட்டதுதான் என் குறை. ஒரு சாஸுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதக்கூடியவர், பிறகு வந்த இரண்டாம் பாகத்தில் பிரெஞ்சு ரொட்டிக்காக மூட்டை மூட்டையாக மாவு செலவழித்துச் சோதித்தவர், இங்கே பத்துச் சொல் செலவழித்திருக்கலாம். 'அந்த ஊரில் கொட்டையோடு செய்வார்கள். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்' என்றால் போதும். முடிவு வாசகர் கையில் வந்திருக்கும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? நாம் நிறைய மொழிபெயர்ப்புகளை வாசிக்கிற தலைமுறை. ரஷ்யாவையும் லத்தீன் அமெரிக்காவையும் ஜப்பானையும் தமிழில் வாசித்துத்தான் அறிந்திருக்கிறோம். மூலத்தை ருசித்த நாக்கு நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. வாசகருக்குப் பல்லில் படும் என்று ஒரு வட்டாரச் சொல்லை, ஒரு கெட்ட வார்த்தையை, ஒரு சாதிப் பெயரை, புரியாத சடங்கு ஒன்றை மொழிபெயர்ப்பாளர் அன்பால் எடுத்துவிடலாம். வழுவழுவென்று ஓடும். 'தமிழிலேயே எழுதியது போல இருக்கிறது' என்று பாராட்டுவோம், போனைப் பார்த்துக்கொண்டே வாசித்து முடிப்போம். நமக்கு என்ன கிடைக்கவில்லை என்பதே தெரியாது. நேர்மாறாக கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைக் கதையில் அப்படியே போட்டார். கூடவே வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையும் தொகுத்துக் கொடுத்தார். கொட்டையும் இருந்தது, கொட்டை இருக்கிறது என்ற எச்சரிக்கையும் இருந்தது. வாசகரால் மெல்ல முடியும் என்று நம்புகிறவர் செய்கிற வேலை அது.

அதற்காக ஜூலியாவின் புத்தகத்தைத் தூக்கிப் போட மாட்டேன். அது இல்லாமல் லிமூசான் என்ற பெயரே என் சமையலறைக்கு வந்திருக்காது. இரண்டு தட்டும் ஒழுங்காக வெந்தது அவர் சொன்னபடி செய்ததால்தான். ஒரு மகத்தான மொழிபெயர்ப்பில் கண்ட ஒரு மௌனத்தைக் குறித்துவைக்கிறேன், அவ்வளவுதான். நண்பருக்கு இரண்டாவது பதிலும் இதுதான்: குறிப்பு எதைச் சொல்லவில்லை என்று கேட்க ஆரம்பிக்கும்போது விமர்சனம் தொடங்கிவிடுகிறது.

இந்தக் குறிப்பைத் தமிழில் எனக்காக எழுதி வைத்திருக்கிறேன். பொருட்கள் பட்டியலில் 'செர்ரி 400 கிராம், கொட்டையோடு' என்று இருக்கிறது. கடைசி வரியை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன்: 'பரிமாறும்போது முன்னாடியே சொல்லிவிடவும்.'

அன்று மேஜையைத் துடைக்கும்போது அம்மாவின் தட்டோரம் பதினேழு கொட்டை இருந்தது. என் தட்டில் பதினொன்று.